ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்கு எந்த பிபி, சேலத்து மண்டபத்துக்கு எந்த பிபி?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மூன்று எண்கள். கல்யாண மண்டபத்துக்கு எந்த பிக்சர் புரொஃபைல் (நிறத்தையும் காண்ட்ராஸ்டையும் கேமராவிலேயே முடிவு செய்யும் செட்டிங், சுருக்கமாக பிபி), ஏற்காடு அவுட்டோருக்கு எது, இளம்பிள்ளைக் கடைக்காரருக்கு எடுத்துக் கொடுக்கும் சேலை வீடியோவுக்கு எது. கேமரா சோனி இசட்வி-இ10, தொழிலுக்கு வந்து இரண்டு வருடம். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே: ஏற்காடு லேடீஸ் சீட்டில் பனிமூட்டத்தில் எஸ்-லாக்3 (பிற்பாடு நிறம் திருத்துவதற்காகப் படத்தை வெளிறலாக எழுதும் லாக் புரொஃபைல்) போட்டு எடுத்தது எடிட்டிங்கில் பட்டை பட்டையாகப் பிரிந்துவிட்டது, மண்டபத்தில் அதே எஸ்-லாக்3-ல் முகமெல்லாம் பச்சையடித்துக் கிரெயின்ஸ் ஏறிவிட்டது, யூடியூபில் மட்டும் எல்லோருக்கும் எப்படி நன்றாக வருகிறது என்று. அதுதான் உண்மையான கேள்வி. மூன்று எண்ணைச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம், அடுத்த மண்டபத்தில் விளக்கு மாறினால் மறுபடியும் வந்து கேட்பீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், டீ வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது லைட் பாயாக. டேப் போட்டு எடுக்கும் காலம் அது. அண்ணன் தோளில் கேமரா, நான் பின்னாலேயே ஒயரை இழுத்துக்கொண்டு சன் கன் விளக்கைப் பிடிக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டும். அப்புறம் கைக்கு வந்த பானாசோனிக் கேமராவில் எஃப்1 முதல் எஃப்6 வரை ஒரு டயல் இருந்தது. ஒன்று டியூப்லைட்டுக்கு, ஒன்று இருட்டுப் பகுதியில் விவரம் கூட்டுவதற்கு, கடைசி இரண்டும் சினி-வி, சினி-டி. வி என்றால் காண்ட்ராஸ்ட் தூக்கல், டி என்றால் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் நிறைய இடம். எந்த இடத்துக்கு எது என்பது பெயரிலேயே பாதி தெரிந்துவிடும். இப்போது சோனியில் பிபி1, பிபி2 என்று வெறும் எண்ணாகிவிட்டதால், பெரிய எண் என்றால் பெரிய தரம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். பஸ் நம்பர் மாதிரிதான் அது, எங்கே போகிறது என்று பார்த்துத்தான் ஏற வேண்டும்.

முதலில் உங்கள் பனிமூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. உங்கள் கேமரா வீடியோவை எட்டு பிட்டில் எழுதுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள், அவ்வளவுதான். புரொஃபைல் என்பது அந்தப் படிகளை எந்த வெளிச்சத்துக்கு எத்தனை என்று பங்கு போடும் வேலை. பதினெட்டு சதவீதச் சாம்பல் அட்டை ஒன்றையும் வெள்ளைத் தாள் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டிவிக்கான 709 காமாவில் (காமா என்பது வெளிச்சத்தைப் படிகளாக மாற்றும் கணக்கு), கறுப்பு 0, முழு வெள்ளை 100 என்றால், சாம்பல் 41 சதவீதத்தில் உட்காரும், தாள் 95-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். எஸ்-லாக்3-ல் சாம்பல் அதே 41, தாளோ 61 சதவீதத்திலேயே நின்றுவிடும். மேலே மிச்சமிருக்கும் இடமெல்லாம் சூரியன், மேகம், கண்ணாடியில் அடிக்கும் வெளிச்சம் என்று இன்னும் பிரகாசமான சமாச்சாரங்களுக்காக ஒதுக்கி வைத்தது. படியாக எண்ணினால், சாம்பலுக்கும் வெள்ளைக்கும் நடுவே 709-ல் 120 படி போல வரும், எஸ்-லாக்3-ல் 45 படி போல.

இப்போது லேடீஸ் சீட்டில் மூட்டம் இறங்கிய நேரத்தை நினைத்துப் பாருங்கள். கீழே சேலம் தெரியாது, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளை. சூரியன் இல்லை, அழுத்தமான நிழல் இல்லை, மணப்பெண்ணின் கூந்தலை விட்டால் கறுப்பே இல்லை. காட்சி முழுவதும் சாம்பலுக்கும் வெள்ளைக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. பிரகாசமான பொருளுக்காக ஒதுக்கி வைத்த படிகளெல்லாம் காலியாகக் கிடக்க, மொத்தப் படமும் அந்த 45 படிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து லட் (லாக் படத்தைச் சாதாரண நிறத்துக்கு மாற்றும் ரெடிமேட் ஃபைல்) போட்டு, போதாது என்று காண்ட்ராஸ்டையும் கூட்டி, அந்த 45 படியைத் திரை முழுக்க இழுத்தால் படிக்கும் படிக்கும் நடுவே இடைவெளி விழத்தான் செய்யும். நீங்கள் பார்த்த பட்டை அந்த இடைவெளிதான். கேமராவில் பழுது இல்லை, உங்கள் எடிட்டிங்கிலும் பெரிய தப்பு இல்லை.

யூடியூபில் காட்டுபவர்களுக்கு ஏன் வரவில்லை என்றால், அவர்களில் பலர் கையில் இருப்பது சோனி எஃப்எக்ஸ்30 மாதிரிப் பத்து பிட் கேமரா. அதில் 1024 படி. அதே சாம்பலுக்கும் வெள்ளைக்கும் நடுவே நான்கு மடங்கு படிகள் கிடைக்கும், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். அவர்கள் சொல்வது அவர்கள் கேமராவுக்குச் சரி. நம் கையில் இருப்பதற்கு அப்படியே பொருத்தினால்தான் வம்பு.

ஆக நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது: வெளிச்சம் மொத்தையாக, சப்பையாக இருந்தால் காண்ட்ராஸ்ட் உள்ள புரொஃபைல். வெளிச்சம் முரட்டுத்தனமாக இருந்தால் சப்பையான புரொஃபைல். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். மூட்டத்தைப் பார்த்ததும் 'ஆஹா, சினிமா மாதிரி இருக்கே' என்று லாக் போடுகிறார்கள், உச்சி வெயிலில் அவசரத்தில் புரொஃபைலை ஆஃப் பண்ணிவிட்டு எடுத்து வேட்டியை வெளிறவைத்துவிடுகிறார்கள். மூட்டத்துக்கு நான் பிபியை ஆஃப் செய்துவிட்டு கிரியேட்டிவ் ஸ்டைலில் ஸ்டாண்டர்ட் போடுவேன், அல்லது பிபி3. அது 709 காமா, இயல்பான நிறம். மூட்டத்தை ஜீப்ரா (வெளிச்சம் நாம் வைத்த அளவைத் தொட்டால் திரையில் கோடு போட்டுக் காட்டும் வசதி) 80-க்கு மேல் போகவிட மாட்டேன். போனால் மூட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் சில்வர் ஓக் மரங்கள் கரைந்து காணாமல் போய்விடும். அந்த 80 என் கண்ணுக்குப் பிடித்த அளவு, விதி இல்லை. உங்களுக்கு 75 பிடிக்கலாம்.

லாக் எங்கேதான் வேண்டும் என்று கேட்பீர்கள். பகோடா பாயிண்ட்டில் காலை ஒன்பது மணி, ஜோடி பாறை நிழலில் நிற்கிறது, பின்னால் பள்ளத்தாக்கு முழுக்க வெயில். அல்லது அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் காருக்குள்ளிருந்து எடுக்கிறீர்கள், முகம் இருட்டு, கண்ணாடிக்கு வெளியே வெள்ளை. அங்கே லாக்குக்கு வேலை இருக்கிறது. அப்போதும் எட்டு பிட்டில் எஸ்-லாக்3-ஐ விட எஸ்-லாக்2, அதாவது பிபி7, இருக்கிற படிகளை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளும். கேமரா மீட்டர் காட்டுவதைவிட ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட வைத்து எடுத்தால் நிழலில் கிரெயின்ஸ் குறையும், பிற்பாடு எடிட்டிங்கில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு செலவு இருக்கிறது. உங்கள் கேமராவில் எஸ்-லாக் போட்டால் ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், 500-க்குக் கீழே இறங்காது. நல்ல வெயிலில் எஃப்16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம் என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. அப்படிப் பார்த்தால் எஃப்2.8-ல், ஐஎஸ்ஓ 500-ல், ஷட்டரை 50-ல் ஒன்றாக வைக்க எட்டு ஸ்டாப்புக்கும் மேல் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். சந்தையில் விலை குறைவாகக் கிடைக்கும் வேரியபிள் என்டியை அவ்வளவு தூரம் திருப்பினால் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு விழும். பார்த்திருப்பீர்கள்.

லாக்குக்கும் சாதாரணத்துக்கும் நடுவே சினி காமாக்கள் இருக்கின்றன, பிபி5-ல் சினி1, பிபி6-ல் சினி2. என் கல்யாண வேலையில் முக்கால்வாசி இவற்றில்தான் ஓடுகிறது. இருட்டுப் பகுதியின் காண்ட்ராஸ்டைக் கொஞ்சம் தளர்த்தி, வெளிச்சப் பகுதியை மெதுவாக உருட்டிக்கொண்டு போய் முடிப்பது சினி1-ன் குணம். சேலத்து முகூர்த்தத்தில் அது ஏன் வேண்டும் என்றால், மாப்பிள்ளை கட்டியிருப்பது வெண்பட்டு வேட்டி, மேலே ஃபோகஸ் லைட், பக்கத்தில் கறுத்த நிறத்தில் தாய்மாமன், பெண்ணின் கழுத்தில் தங்கம், எல்லாம் ஒரே ஃபிரேமில். சாதாரண காமாவில் மாமன் முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பட்டின் நெசவு போய் வெறும் வெள்ளைத் துணி ஆகிவிடும், வேட்டிக்கு வைத்தால் மாமன் போய்விடுவார். சினி1-ல் இரண்டும் பிழைக்கும், எடிட்டர் ஒன்றும் செய்யாவிட்டாலும் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரே விஷயம், சினி1 வெளிச்சத்தை 100-ஐத் தாண்டி 109 சதவீதம் வரை எழுதும், சினி2 100-லேயே நிறுத்திக்கொள்ளும். கார்டை அப்படியே எடிட்டரிடம் கொடுத்து, அவர் வெட்டி ஒட்டி, பென் டிரைவில் போட்டு டிவியில் பார்க்கப் போகிறார்கள் என்றால் சினி2 பத்திரம். நீங்களே உட்கார்ந்து கலர் பார்ப்பீர்கள் என்றால் சினி1.

முக எக்ஸ்போஷரைப் பற்றி ஒன்று. 'முகத்துக்கு ஜீப்ரா 70' என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள், அது வெள்ளைத் தோலுக்குச் சொன்னது. நம் மாநிறத்துக்கு 50-லிருந்து 60-க்குள் வைத்தால் தோல் தோலாக இருக்கும். மேக்கப் போட்ட பெண்ணுக்கு 60-க்குக் கொஞ்சம் மேலே போகலாம், பக்கத்தில் நிற்கும் அப்பா தானாக 45-ல் இருப்பார், இருக்கட்டும், அது அவர் நிறம். 70-க்கு ஏற்றிவிட்டு நெற்றி பளபளக்கிறது என்று புரொஃபைலைத் திட்டிக்கொண்டிருந்த ஆட்களில் நானும் ஒருவன்.

மண்டபத்தில் முகம் பச்சையடித்தது என்றீர்களே, அதில் புரொஃபைலுக்குப் பங்கு குறைவு. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்தான் (எது வெள்ளை என்று கேமரா தானே முடிவு செய்வது) காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது, வீடியோவைப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. மேடையில் மஞ்சள் ஃபோகஸ், கூடத்தில் வெள்ளை டியூப், பின்னால் எல்இடி பார் லைட் ஊதாவும் பச்சையுமாக மாறிக்கொண்டே இருக்கும். ஆட்டோ அந்த மூன்றையும் சமாதானப்படுத்தப் பார்த்து யாருக்கும் நல்லவனாக இல்லாமல் போகும். அதன் மேல் லாக் போட்டிருந்தால், அந்தச் சின்னப் பச்சையைக் கிரேடிங்கில் காண்ட்ராஸ்ட் கூட்டும்போது கூடவே பெருக்கிவிடுவோம். மேடைக்கு நேராக ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்துக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்துப் பூட்டிவிடுங்கள். வேட்டியைக் காட்டி எடுக்காதீர்கள். பட்டு வேட்டி சந்தன நிறம், அதை வெள்ளை என்று கேமராவிடம் சொன்னால் முகம் நீலத்துக்குப் போகும். பருத்தி வேட்டியில் நீலம் போட்டிருப்பார்கள், அதை வைத்தால் எதிர்ப்பக்கம் மஞ்சளுக்கு ஓடும். ஆழமான நீல எல்இடி நேராக முகத்தில் விழுந்தால் எந்த பிபியும் காப்பாற்றாது. நீலச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்து மற்ற இரண்டும் காலியாக இருக்கும், அதிலிருந்து தோலை எங்கே தேடுவது? லைட்காரரிடம் போய், 'அண்ணா, முகத்துக்கு மட்டும் வார்ம் ஒயிட் வையுங்க, பின்னாடி எந்தக் கலர் வேணா ஓட்டிக்கோங்க' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது எந்த மெனுவையும்விடப் பலன் தரும். கூடவே ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் முகூர்த்தம் முடியும் வரை மாற்ற மாட்டார்.

அப்படியே ஃபிளிக்கரையும், அதாவது விளக்குத் துடிப்பையும், முடித்துவிடுகிறேன். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 50-ல் ஒன்று என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு. 30 ஃபிரேம், 60-ல் ஒன்று என்று வெளிநாட்டு செட்டிங்கை வைத்தால் கணக்கு இடித்து, திரையில் பட்டை ஓடும். அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு பிபியை மாற்றிக்கொண்டிருந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

என் சொந்த அசிங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரிசப்ஷனில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்இடி வால், என் கேமராவிலிருந்து மிக்ஸருக்கு எச்டிஎம்ஐ போகிறது. புதிதாக லாக் கற்றுக்கொண்ட திமிர், மாலை முழுக்க அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். என் திரையில், லாக்கைச் சாதாரணப் படம் போலக் காட்டும் காமா டிஸ்பிளே அசிஸ்ட் போட்டிருந்ததால் எனக்குப் படம் அழகாகத் தெரிந்தது. அந்த உதவி வெளியே போகும் படத்துக்குக் கிடையாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பெண்ணின் பெரியப்பா வந்து தோளைத் தட்டி, 'ஏனுங்க தம்பி, பத்து தடவை தொவச்ச வேட்டியாட்டம் வெளுத்துக் கெடக்குதே, இப்படித்தான் வருமுங்களா?' என்றார். திரும்பிப் பார்த்தால் இருபது அடி அகலத்துக்குச் சாம்பல் பூசிய கல்யாணம். லைவ் வெளியே போகிறது என்றால் லாக் கிடையாது, அன்றிலிருந்து அது எனக்குக் கட்டளை. கூட வேலை செய்யும் டிரெடிஷனல் கேமரா அண்ணன் சாதாரண செட்டிங்கில் எடுக்கிறார் என்றாலும் அவருக்குப் பக்கத்தில் வரும் மாதிரி நீங்கள் இறங்கிப் போய்விடுங்கள். இரண்டு கேமராவும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் எடிட்டருக்குப் புண்ணியம்.

ஓமத்துக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. தீயைப் பார்த்து ஒயிட் பேலன்ஸ் எடுக்கக் கூடாது, எடுத்தால் தீ வெள்ளையாகி ஐயர் நீலமாகிவிடுவார். ஒயிட் பேலன்ஸைக் கெல்வின் அளவில் 4000-லிருந்து 4500-க்குள் பூட்டிவிட்டு சினி1-லேயே எடுங்கள். புகை நடுவே எழும்போது மறுபடி அந்த மூட்டக் கணக்குதான், லாக்கில் பட்டை விழும்.

இளம்பிள்ளைச் சேலைக்கு வருவோம். மூன்றில் இதுதான் லேசான கேள்வி என்று நினைத்து கடைசியில் போட்டிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் கஷ்டமானது. கல்யாண வீடியோவில் அரக்கு கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. சேலை வீடியோவில் அப்படித் தெரிந்தால் பார்சல் திரும்பி வரும், கடைக்காரர் அடுத்த மாதம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். இங்கே அழகு இரண்டாம் பட்சம், நிறம் நிறமாக வர வேண்டும். லாக் வேண்டாம், சினி வேண்டாம், விவிட் என்று ஒரு கிரியேட்டிவ் ஸ்டைல் இருக்கிறதே அது வேண்டவே வேண்டாம். பிபி4 என்பது 709 நிறத்துக்கு உண்மையாக இருப்பதற்காகவே வைத்தது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தையும் டியூப்லைட்டையும் கலக்காமல், நிறத்தை நன்றாகக் காட்டும் ஒரே வகை எல்இடி விளக்கு இரண்டு வைத்து, சாம்பல் அட்டையில் ஒயிட் பேலன்ஸ் எடுத்து, எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைவாகவே வையுங்கள். ஏன் குறைவு என்றால் ரத்தச் சிவப்பும் ராணி பிங்கும் முகத்துக்கு முன்னாலேயே சிவப்புச் சேனலை நிரப்பிவிடும். மொத்த வெளிச்சம் சரி என்று ஜீப்ரா சொல்லும், சேலையில் மட்டும் மடிப்புத் தெரியாமல் சிவப்பு மை கொட்டியது போல நிற்கும். அப்போது சாச்சுரேஷனை ஐந்தாறு புள்ளி இறக்கிப் பாருங்கள், மடிப்பு திரும்பி வரும்.

அதிலும் மயில்கழுத்து நிறத்தை மட்டும் எந்த புரொஃபைலாலும் முழுசாகப் பிடிக்க முடியாது, அதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். சேலையை அசைக்கும்போது பச்சைக்கும் நீலத்துக்கும் தாவும், அது துணியின் குணம், பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. ஆகவே நிறுத்தி வைத்துக் காட்டாமல், முந்தானையை மெதுவாகத் திருப்பி இரண்டு பக்க நிறமும் தெரிகிற மாதிரி எடுத்துவிட்டால் வாங்குகிறவருக்குப் புரிந்துவிடும். வாங்குகிறவர் போன் திரை எந்தக் கலரில் இருக்கிறது என்பது நம் கையில் இல்லை.

காபி எஸ்டேட்டுக்குள் எடுக்கும்போது இலை வழியாக வடிந்து வரும் வெளிச்சம் தோலில் பச்சையைப் பூசும். ஒயிட் பேலன்ஸில் மெஜந்தா பக்கம் ஒன்றோ இரண்டோ தள்ளினால் போதும். அதற்காகத் தனி புரொஃபைல் எல்லாம் தேவையில்லை. நிழலும் வெயிலும் புள்ளிப் புள்ளியாக விழுந்தால் சினி1, மொத்தமும் நிழல் என்றால் பிபி3.

பிபி10-ல் இருக்கும் எச்எல்ஜி பற்றியும் ஒரு வார்த்தை. பிபிசியும் ஜப்பானின் என்எச்கேயும் எச்டிஆர் டிவி ஒளிபரப்புக்காகச் சேர்ந்து உருவாக்கியது அது. சிலர் அதை லேசான லாக் மாதிரிப் பயன்படுத்துகிறார்கள், தப்பில்லை. கலர் மோடை மட்டும் 709-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாதாரண டிவியில் நிறம் செத்துப்போய்த் தெரியும். எனக்கு அதில் தோல் நிறம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அது என் ருசி. எஸ்-சினிடோன் என்னும் சோனியின் சினிமாப் புரொஃபைல் உங்கள் கேமராவில் இல்லை, அடுத்த பதிப்பான இ10 மார்க்2-ல்தான் வந்தது. நெட்டில் யாராவது 'இந்த செட்டிங் போட்டால் அதே எஸ்-சினிடோன்' என்று விற்றால் காசு கொடுக்காதீர்கள். வேறு கம்பெனி கேமரா வாங்கினாலும் பெயர்தான் மாறும். பானாசோனிக்கில் சினிலைக் டி, ஃபூஜியில் எடர்னா, நிக்கானில் ஃபிளாட், கேனானில் நியூட்ரல், இவையெல்லாம் முரட்டு வெளிச்சத்துக்கு. சினிலைக் வி, வெல்வியா, ஸ்டாண்டர்ட் எல்லாம் சப்பை வெளிச்சத்துக்கு. அவற்றில் எண் எண்ணாகச் சொல்லும் அளவுக்கு என் கை ஓடியதில்லை, வழி மட்டும் இதுதான்.

புரொஃபைலுக்குள் நான் மாற்றி வைத்திருப்பதைக் கேட்டால் சொல்கிறேன், இது முழுக்க முழுக்கப் பழக்கம். பிபி5-ல் கலர் மோடை சினிமாவிலிருந்து புரோவுக்கு, டீடெய்லை மைனஸ் மூன்றுக்கு. டீடெய்ல் தூக்கலாக இருந்தால் ஜரிகை ஓரம் கத்தி வைத்து வெட்டியது போலத் தெரியும், வயதானவர்கள் முகச் சுருக்கம் இரண்டு மடங்காகும். வேறு எதையும் தொட்டதில்லை. தொட்டு வைத்துவிட்டு எங்கே தொட்டோம் என்று மறந்து, ரீசெட் அடித்த அனுபவம் போதும்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது சில சமயம் நினைத்துக்கொள்வேன். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அந்த வளாகத்திலிருந்துதான் வந்தது, கேவாகலர் ஃபிலிமில். அவர்களுக்கு மெனு இல்லை. ஃபிலிம் ரோல்தான் புரொஃபைல், மாட்டிவிட்டால் மாட்டியதுதான், அதற்கு ஏற்ற மாதிரி விளக்கையும் துணியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எட்டு பிட் கேமராவும் கிட்டத்தட்ட அப்படித்தான், பதிவானதைப் பிற்பாடு பெரிதாகத் திருப்ப முடியாது.

நான் சொன்னதை அப்படியே நம்பாமல் ஒரு சாயங்காலம் மூக்கனேரிக்குப் போங்கள். ஐந்து மணியிலிருந்து இருட்டும் வரை, கரையில் ஒரு நண்பரை வெள்ளைச் சட்டையோடு நிறுத்தி, ஒவ்வொரு கால் மணிக்கும் ஆஃப், பிபி3, பிபி5, பிபி7 நான்கிலும் பத்துப் பத்து நொடி எடுங்கள். எடுக்கும் முன் எண்ணை வாயால் சொல்லிக்கொள்ளுங்கள், வீட்டில் வந்து எது எது என்று தேட வேண்டியதில்லை. சூரியன் தண்ணீரில் அடிக்கும்போது எது ஜெயிக்கிறது, மறைந்த பிறகு எது ஜெயிக்கிறது என்று பெரிய டிவியில் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, எடுத்துவிட்ட அந்த லேடீஸ் சீட் வீடியோ. அதைத் தூக்கிப் போட வேண்டாம். போட்டிருக்கும் லட்டை எடுத்துவிட்டு, கையாலேயே காண்ட்ராஸ்டைக் கொஞ்சமாக மட்டும் கூட்டுங்கள், கறுப்பு கறுப்பாக வர வேண்டும் என்று அடம்பிடிக்காமல் சாம்பலாகவே விடுங்கள், மூட்டத்தில் கறுப்பு அப்படித்தான் இருக்கும். மேலே லேசாக ஃபிலிம் கிரெயின் ஒரு லேயர் போட்டால் பட்டைகளின் ஓரம் உடைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். எக்ஸ்போர்ட் பண்ணும்போது பிட் ரேட்டைத் தாராளமாக வையுங்கள், குறைத்தால் முதலில் அடிபடுவது அந்த கிரெயின்தான், பட்டை திரும்ப வந்துவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் எப்படியும் நசுக்கிவிடும், மாப்பிள்ளை வீட்டுக்கு டிரைவ் லிங்க்காகக் கொடுத்துவிடுங்கள்.